கழுவப்படாத பதினாறு போத்தல்கள்

1997 பெப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை 7.10. போத்தல்கள் பதினாறு.

லாப் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில், பழைய கரைசல்களுக்குப் பின்னால் இருந்தன. ஒவ்வொன்றிலும் நீல நாடா. அதில் உன் சரிந்த கையெழுத்து. முதலாவதில்: ‘11ஆம் மாடி, அன்ரி வீடு. முதல் தண்ணீர். போத்தல் கழுவவில்லை.’ ஒன்றைத் திறந்தேன். அமில நெடி மூக்கில் ஏறியது. அமிலம் சேர்த்து வைத்தால் தண்ணீரில் உள்ள ஈயம் ஆறு மாதத்துக்கு அப்படியே நிற்கும். நீ போய் ஐந்து கிழமைதான் ஆகிறது. உன்னைவிட உன் தண்ணீர் உறுதியாக இருக்கிறது என்பதில் எனக்கு வந்தது கண்ணீர் அல்ல, கோபம்.

செப்டெம்பரில் நம் இருவரையும் பல்கலைக்கழகத்தின் குடிதண்ணீர் ஆய்வுக்கு உதவியாளராக எடுத்தார்கள். பழைய மாடிக் கட்டடங்களில் குழாய்களை ஒட்டிய ஈயப் பற்றாசிலிருந்து குடிதண்ணீருக்குள் ஈயம் இறங்குகிறது. அதைத் தடுக்கக் குழாய் வாயில் ஒரு வடிகட்டி. ஈயம் தெரிகிற கட்டடத்துக்கு வடிகட்டி கிடைக்கும், தெரியாத கட்டடத்துக்கு இல்லை. டோர்செட் பார்க்கில் நீ குடியிருந்த கட்டடமும் பட்டியலில் இருந்தது. லாப் தந்த போத்தலைக் கழுவாமல், இரவு முழுக்கக் குழாயில் தேங்கி ஈயம் ஊறிய முதல் தண்ணீரைத்தான் பிடிக்கவேண்டும். இதை நான் தமிழில் நாலு வரி எழுதி, பிரதி எடுத்து, போத்தலோடு வாசல்களில் வைத்துவிட்டு வந்தேன்.

“கதவைத் தட்டிக் கதைச்சா வாய் தேஞ்சிடுமே?” என்றாய்.

“சனத்துக்கு வாசிக்கத் தெரியாதோ? நான் என்ன வோட்டுக் கேக்கவோ வந்தனான்?”

முடிவு வந்தது. ஈயம் இல்லை. கட்டடத்தைப் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். வேலை கெதியாய் முடிந்தது என்று நான் சந்தோஷப்பட்டேன். நீ மட்டும், “உந்தப் பைப்பிலை ஈயம் இல்லையெண்டா நான் மீசையை எடுக்கிறன், வா” என்று என்னைப் பதினோராம் மாடியில் நீ அன்ரி என்று கூப்பிடும் பெண்ணின் வீட்டுக்கு இழுத்துப்போனாய்.

அன்ரி மகளின் நாலு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். போத்தலில் எப்படித் தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்டாய். அவருக்கு ஒரே பெருமை.

“நல்லாப் பைப்பை ஓடவிட்டு, போத்தலைச் சோப்புப் போட்டு மூண்டுதரம் கழுவி, பிறகுதான் பிடிச்சனான். யூனிவர்சிற்றிக்குப் போற போத்தல், ஊத்தையாக் குடுக்கேலுமே தம்பி?”

“அப்ப முதல் வந்த தண்ணி, அன்ரி?”

“அதை ஏன் வீணாக்குவான்? பிள்ளைக்குப் பால்மா கரைக்கக் கொதிக்க வைச்சிட்டன்.”

கொதித்தால் கிருமி சாகும். ஈயம் எங்கும் போகாது. போத்தலுக்கு நல்ல தண்ணீர், பிள்ளைக்கு முதல் தண்ணீர். அன்று தட்டிய மற்றக் கதவுகளிலும் இதே கதைதான்.

லிஃப்டில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான், “படிக்காத சனம்” என்றேன். உன் சிரிப்பு நின்றது.

“நீ எழுதின நோட்டீசிலை, ஏன் முதல் தண்ணி எண்டு ஒரு வரி இருந்ததோடா?”

இருக்கவில்லை. அன்று அதை ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மேலதிகாரியிடம் சொன்னோம். மாதிரி எடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்றார். நீ வாதாடவில்லை; கைவிட்டுவிட்டாய் என்று நினைத்தேன். ஜனவரியில் நெடுஞ்சாலைப் பனியில் உன் கார் சறுக்கி நீ செத்துப்போனாய். அதற்கு முன், விடியற்காலைகளில் பதினாறு வீட்டுக் கதவைத் தட்டி நீயே பிடித்துவந்திருக்கிறாய். எனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதுதான் சுடுகிறது.

இன்று மதியத்துக்குள் பதினாறையும் கருவியில் ஓட்டினேன். பதினொன்றில் ஈயம், குடிக்கக்கூடாத அளவுக்கு. அன்ரி வீட்டில்தான் எல்லாவற்றையும்விடக் கூட. தாளை அச்சு ஈரம் காயமுன் மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். “எடுத்தவர் கையெழுத்திட்ட படிவம் இல்லை. அவரும் இல்லை. ஆய்வில் சேர்க்க முடியாது” என்றார். உனக்காக வருந்துவதாகவும் சொன்னார். அவருடைய அறை மூலையில், கடையில் வாங்கிய தண்ணீர் நீலக் கலனில் குமிழி விட்டது. அவர் குடிப்பது அதை. படிவம் இல்லாததால் ஈயம் இல்லாமல் போய்விடுமா? அந்தக் குழந்தை படிவம் பார்த்தா பால் குடிக்கிறது?

கத்திவிட்டு வந்தேன். பிரயோசனமில்லை. நீ கத்தாமல் செய்ததை இனி நான் செய்யவேண்டும்.

1. இன்று பின்னேரமே பதினோராம் மாடி. போத்தலுக்கு ஓடவிட்டதுபோலப் பிள்ளைக்கும் ஐந்து நிமிடம் குழாயை ஓடவிடச் சொல்லவேண்டும். சுடுதண்ணீர்க் குழாயில் பிடிக்கவே வேண்டாம்.

2. மற்றப் பதினைந்து வீடும். கதவைத் தட்டி, இருந்து, தேத்தண்ணி தந்தால் குடித்து, ஏன் என்று சொல்லவேண்டும்.

3. சனிக்கிழமை விடிய, புதுப் போத்தல்கள், படிவத்தோடு. எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். முடிவில் ஒரு பிரதி நகரச் சுகாதார அலுவலகத்துக்கு.

4. ஆய்வு அப்போதும் ஏற்காவிட்டால், முடிவை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். தமிழில். இந்தமுறை காரணத்தோடு.

5. உன் பதினாறு போத்தல்களைக் கழுவி அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கழுவமாட்டேன்.