குளியலறைக் கம்பி

மகளுக்கு ஸலாம்.

பக்கவாதம் வந்ததிலிருந்து உன் வாப்பாவை நான்தான் தோள் கொடுத்துக் குளிப்பாட்டுகிறேன். குளியலறையில் பிடித்து நிற்கக் கம்பி வேண்டுமென்றார். லுணுகலையிலிருந்து மேசன் பலீலைக் கூப்பிட்டேன்.

சுவரைத் தட்டிப் பார்த்தவர், "ராத்தா, உள்ளுக்கு வெறும் மண். பலகை வெச்சுத்தான் கம்பியைப் பூட்டோணும். இல்லாட்டி ஆள் பாரம் தாங்காது" என்றார்.

"மேல்பூச்சிலேயே பூட்டுங்க தம்பி, போதும்" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பூட்டினார். நான் கம்பிக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தேன்.

உன் கையை முறித்த அந்தக் கையாலேயே வாப்பா அதைத் தடவிப் பார்த்தார். நல்ல வேலையாம். நாளை ஜும்ஆவுக்குத் தனியாகவே குளிக்கப் போகிறாராம்.

நீ இனி வீட்டுக்கு வரலாம் மகள். வந்தால், அந்தக் கம்பியை மட்டும் பிடிக்காதே.

உன் உம்மா