பச்சைப் பவளம்

என்னங்க,

பாதி வாரம் புனேயில் இருப்பதாகச் சொல்வீங்களே, அதனால் இதை உங்க ஆபீஸுக்கே அனுப்புகிறேன்.

செம்பூர் வீட்டு ஹாலில் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் உயிருள்ள கடல் பவளம் வளர்க்கும் தொட்டி கட்டினோம். நீங்க பைப் பொருத்தினீங்க, நான் தண்ணீரில் உப்பைக் கலந்து அளவு பார்த்தேன். விரல்நகம் போல வந்த பச்சைப் பவளம் என் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. நான் ஊருக்குப் போயிருந்தபோது, "வெளுத்துச் செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்று போனில் சொன்னீங்க. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கதான் ஆறுதல் சொன்னீங்க.

நேற்று மீன்தொட்டிக் கடை மாரீஸ்வரன் கூப்பிட்டார். "மேடம், உப்பு வாளி வந்திருக்கு. சார் போனை எடுக்கல. செம்பூர் வீட்டுக்கா, காட்கோபர் வீட்டுக்கா?"

காட்கோபருக்கு என்றேன். கடைக்குப் போய் விலாசத்தையும் வாளியையும் வாங்கிக்கொண்டு நானே போனேன்.

கதவைத் திறந்தவள் என்னைக் கடை ஆள் என்று நினைத்து உள்ளே விட்டாள். ஹாலில் பெரிய தொட்டி. நடுவில் நம்ம பச்சைப் பவளம், நான் ஒட்டி வைத்த அதே கல்லில்.

"எங்க வீட்டுக்காரர் கட்டினது. இந்தப் பவளம் கல்யாண நாளுக்குக் கொண்டுவந்தார்" என்றாள்.

நல்லா இருக்கு என்றேன். ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. லைட்டைக் குறைத்து வைக்கச் சொன்னேன். நான் யாரென்று சொல்லவில்லை. அதை நீங்கதான் அவளிடம் சொல்லணும்.

சனிக்கிழமை வர வேண்டாம். பூட்டை மாற்றிவிட்டேன். இங்கே இருக்கிற தொட்டியை நான் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்களை நம்பியவள்