தம்பி தேடிய குடும்பப் பெயர்

ஜூன் 14, ஞாயிறு

வேலாயுதர் என்ற எங்கள் குடும்பப் பெயரின் வரலாற்றைத் தம்பி வருடக்கணக்காகத் தேடுகிறான். அப்பாவையும் என்னையும் டிஎன்ஏ பரிசோதனைக்கு எச்சில் கொடுக்க வைத்தவனும் அவன்தான். இன்று முடிவுகள் வந்தன. நானும் அப்பாவும் பொருந்துகிறோம். அவன் எங்கள் இருவரோடும் பொருந்தவில்லை.

நானும் அவனும் வாசலில் அவனுடைய காருக்குள் இருந்துதான் அதைப் பார்த்தோம்.

"அப்பாவிட்ட ஒண்டும் கேக்காதை அக்கா" என்றான். பிறகு, "இனி நான் இந்தப் பேரைத் தேடலாமோ?" என்றான்.

"அது உன்ர பேரடா" என்றேன்.

வீட்டுக்குள் வராமலே மவுண்ட் ரோஸ்கில்லில் உள்ள தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

சாப்பிடும்போது அப்பா, "தம்பி ஏன் சாப்பிடாமல் போனவன்?" என்று கேட்டார்.

"வேலையாம்" என்றேன்.

இன்று முடிவு வருமென்று அவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் அவர் கேட்கவே இல்லை.