அடக்கத்தில் சிரித்தவள்

செப்டம்பர் 9, செவ்வாய்

மத்தியானம் ஜிஞ்சா வந்து சேர்ந்தேன். அக்கா பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டாள். இடுப்பில் சந்தைத் துணி, கையெல்லாம் மீன் வாடை. "என்னடி நைகாகா, காஞ்ச வாழைச்சருகு மாதிரி வந்து நிக்கிற?" என்றாள்.

போன வாரம் ஒத்திகையில் மயங்கி விழுந்ததை அவளிடம் பாதிதான் சொன்னேன். ரத்த அழுத்தம். தூக்கமில்லை. ஒரு வாரம் நாடகத்தைப் பற்றி நினைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் குழுவை நடத்தும் செம்வங்காவும் சரி என்றுதான் சொன்னார். கம்பாலாவில் வண்டி கிளம்பும்போது சன்னல் பக்கம் குனிந்து, "நல்லா ஓய்வெடும்மா. அப்படியே கடைசிக் காட்சியையும் முடிச்சுக் கொண்டாந்துடு" என்றார்.

இருபத்தேழாம் தேதி அரங்கேற்றம். கடைசிக் காட்சி இன்னும் எழுதவில்லை. நாடகப் பிரதி பையின் அடியில், துணிகளுக்குக் கீழே இருக்கிறது. அக்கா கண்ணில் படக்கூடாது.

செப்டம்பர் 10, புதன்

படுத்தேன். எழுந்துபோய் ஏரியைப் பார்த்தேன். திரும்பி வந்து படுத்தேன். படபடப்பு அடங்கவில்லை.

இங்கேயாவது உள்ளதை எழுத வேண்டும். பதினோரு வருடம் முன்பு அக்காவின் கணவர் இசபிரியே படகு கவிழ்ந்து இறந்தார். அடக்கத்தன்று, சவக்குழிக்குப் பக்கத்தில், ஊரே கூடி நிற்க, அக்கா சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். என் கை அவள் கைக்குள் இருந்தது. அவள் குலுங்கிய குலுக்கல் என் தோள்வரை ஏறியது. அதோடு அவள் பெயர் கெட்டது. 'புருஷன் குழியில சிரிச்சவ.' மாமியார் வீட்டார் பேச்சை நிறுத்தினார்கள். அவள் இந்த மசேசே துறைக்கு வந்து மீன் விற்க ஆரம்பித்தாள்.

அதைத்தான் நான் நாடகமாக்கியிருக்கிறேன். அடித்து உதைக்கும் கணவன். அவன் அடக்கத்தில், விட்டது சனி என்று சிரிக்கும் மனைவி. பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். வேறு என்ன மாற்றினேன்?

ஏன் சிரித்தாய் என்று நான் அவளைக் கேட்டதே இல்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தேன். நினைத்தேனா, இல்லை அப்படி நினைப்பது வசதியாக இருந்ததா?

செப்டம்பர் 11, வியாழன்

காலையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலைக் குழம்பும். முதல் வாய் வைக்கும்போதே அக்கா தலையில் கல்லைப் போட்டாள்.

"எங்க சர்ச்சு தாய்மார் சங்கம் மொத்தமும் உன் நாடகத்துக்கு வருது. என்னையும் சேத்துப் பதினஞ்சு பேர். வேன் பேசியாச்சு."

கிழங்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "அவ்வளவு தூரம் எதுக்குக்கா, மழைக்காலம் வேற..."

"எதுக்கா? எழுதுனது என் தங்கச்சி! எனக்கு முன் வரிசை வேணும். சங்கத்து நபுக்வாசி புதுசா கோமேசி உடுப்பு தைக்கக் குடுத்திருக்கா. தோள் ரெண்டும் இந்த உசரம் நிக்கும் பாரு, அவ பின்னாடி உக்காந்தவ ஒண்ணையும் பாக்க முடியாது." சிரித்துவிட்டுக் கேட்டாள்: "கதை என்னடி?"

"ஒரு பொம்பளையப் பத்தி."

"பின்னே, ஆம்பளையப் பத்தியா எழுதுவே நீ?"

பதினைந்து பெண்கள். முன் வரிசையில் அக்கா. மேடையில் அவள் சிரிப்பு. திரும்பிப் போகும் வேனில் என்ன பேசுவார்கள்?

செப்டம்பர் 12, வெள்ளி

சொல்லவில்லை. மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்று தடவையும் டீ கேட்டேன்.

செம்வங்காவிடமிருந்து செய்தி: 'ஓய்வு எப்படி? எத்தனை பக்கம்?'

செப்டம்பர் 13, சனி

அக்கா என்னை இழுத்துக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனாள். மோட்டார் சைக்கிளில் மூன்று பேர், நடுவில் நான். முற்றத்தில் நீளமாகக் குழி வெட்டி, அதன்மேல் வாழைத் தண்டுகளைப் போட்டு, தண்டுகளின் மேல் ஆள் நீள மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எம்பைரே. சின்ன வயதில் கேட்டது. இரண்டு பக்கமும் எதிரெதிராக ஆறு பேர் உட்கார்ந்து ஒரே வாத்தியத்தை அடிக்கிறார்கள். ஒருவன் குச்சி மேலே போகும் இடைவெளியில் எதிரே இருப்பவனின் குச்சி இறங்குகிறது. குழிக்குள்ளிருந்து சத்தம் காலில் ஏறுகிறது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். என் நாடகத்தில் மனைவி பேசும்போது கணவன் சும்மா நிற்கிறான். அவன் பேசும்போது இவள் சும்மா அழுகிறாள். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்புவது ஒரு பக்கத்தில்கூட இல்லை. குடும்பம் நடத்திய இரண்டு பேர் அப்படியா இருப்பார்கள்? ஒரு காகிதத்தில் கிறுக்கினேன். பல நாளுக்குப் பிறகு கை தானாக ஓடியது.

அக்கா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினாள். நடுவில் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். எழுதிய காகிதத்தை மடித்துவிட்டேன். நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சர்ச்சிலிருந்து வந்ததும் அக்கா கொல்லையில் மீன் செதில் எடுக்க உட்கார்ந்தாள். பிரதியைக் கொண்டுபோய் எதிரே நின்றேன். "அக்கா, இது உன் கதை. அடக்கத்துல நீ சிரிச்சது." கத்தி நின்றது. "கை ஈரமா இருக்கு. படி" என்றாள்.

படித்தேன். கணவன் தட்டை வீசுகிற காட்சி, கதவைச் சாத்திவிட்டுப் பெல்ட்டை உருவுகிற காட்சி எல்லாம். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் அங்கத்தின் நடுவில் "போதும்" என்றாள்.

"இது இசபிரியே இல்லை. அவரு என்மேல ஒரு ஈ உக்கார விட்டதில்லை. 'நீ போட்ட சோறு உன்னை மாதிரியே ஆறிப்போச்சு'ன்னு பேசுறானே, இந்தப் பேச்சு யாரு பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? உன் முசோகே பேச்சு. உன் புருஷனைக் கொண்டாந்து எம்புருஷன் சட்டையில நுழைச்சிருக்க."

நான் முசோகேயை விட்டு வந்து ஆறு வருடம். அவன் பெயரை இந்த நோட்டில்கூட எழுதியதில்லை.

"பதினோரு வருஷமா எல்லாரும் ஏன் சிரிச்சே, ஏன் சிரிச்சேன்னு கல்லெறியிற மாதிரி கேட்டாங்க. என் கையப் புடிச்சிட்டு நின்னவ நீ. நீ கேக்கவே இல்லை."

கேட்க வாயெடுத்தேன். உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 15, திங்கள்

அக்கா என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்திருந்தாள். ஏரிக்கரையில் கருவாட்டு வலைகளுக்கு நடுவே உட்கார்ந்து, நாடகத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். செம்வங்காவுக்குச் செய்தி அடித்தேன். அழித்தேன். நான் செய்தது திருட்டா? திருட்டு என்றால் பொருளாவது அவளுடையதாக இருக்க வேண்டும். நான் அவள் பேரில் என் பொருளை வைத்தேன். அது அதைவிடக் கேவலம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

பிற்பகல், நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூன்று தடவை. திரும்பினால் அக்கா. வயிற்றை முன்னால் தள்ளி, குடையைத் தடி மாதிரி ஊன்றிக்கொண்டு, கட்டைக் குரலில் சொன்னாள்: "ஜனங்களே, நான் அதிகம் பேசப்போறதில்லை. நாலே நாலு வார்த்தை. முதல் வார்த்தைக்குள்ள பன்னெண்டு விஷயம்."

இசபிரியேயின் பெரியப்பா பலிகோவா! எந்தச் சாவு வீட்டிலும் அவரை உட்கார வைக்க முடியாது. உதட்டின் தொங்கல்கூட அப்படியே இருந்தது. இத்தனை வருடம் மேடையில் கிடக்கிறேன், என் அக்காவுக்கு இது வரும் என்று எனக்குத் தெரியாது.

"எனக்கு எங்கே வரும்? இது என் வீட்டுக்காரரு செய்யிறது," என்று கட்டிலில் உட்கார்ந்தாள். "எந்த அடக்கத்துக்குப் போயிட்டு வந்தாலும், திரும்புற வழி பூரா பெரியப்பா மாதிரி பேசிட்டே வருவாரு. நான் சிரிச்சுச் சிரிச்சு நடக்க முடியாம ரோட்டோரம் உக்காந்துருவேன். சாவு வீட்டுல பெரியவர் எந்திரிச்சாருன்னா நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டோம். பாத்தா மானம் போயிடும்."

கொஞ்ச நேரம் குடையின் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் பெரியவர் எந்திரிச்சாரு. மூணு செருமல். 'நான் அதிகம் பேசப்போறதில்லை'ன்னாரு. என்னையும் அறியாம எம்புருஷன் மூஞ்சியப் பாக்கத் திரும்பிட்டேன்டி. சிரிப்பும் பொத்துக்கிட்டு வந்துருச்சு. பக்கத்துல நீ நிக்கிற. அவரு பெட்டிக்குள்ள கெடக்குறாரு."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"ஊருல இதைச் சொல்லியிருக்கலாமேக்கா."

"யாருகிட்ட? பெரியவர் மூஞ்சியப் பாத்து, 'உங்களைக் கிண்டல் பண்ணித்தான் நாங்க சந்தோசமா இருந்தோம்'னு சொல்லவா?"

நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்: "எழுதுவேன்னு தெரியும். எழுது. ஆனா அவரு கைய ஓங்கக் கூடாது. ஒரு தடவைகூட."

செப்டம்பர் 17, புதன்

கம்பாலா. செம்வங்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கை வைத்தார்.

"கடைசிக் காட்சியக் கேட்டா, இருக்கிற ரெண்டு அங்கத்தையும் அடிச்சிட்டு வந்து நிக்கிறியே! வில்லன் இல்லாம அவ சிரிச்சா, ஜனம் அவளைப் பைத்தியம்னுதானே சொல்லும்?"

"நிஜத்துலயும் அப்படித்தான் சொன்னாங்க."

"பத்து நாள்தான்மா இருக்கு. மறுபடி விழுந்தேன்னா?"

விழலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். வெட்டிய பக்கங்களைத் தனியே கட்டி வைத்திருக்கிறேன். அவை முசோகேயுடையவை. ஒருநாள் அவன் சட்டையிலேயே அவனை எழுதுவேன். இப்போது இல்லை.

செப்டம்பர் 20, சனி

புதுப் பிரதிக்கு முதல் ஒத்திகை. அடக்கக் காட்சிக்கு முன்னால், கணவனும் மனைவியும் சாவு வீட்டிலிருந்து நடந்து திரும்பும் காட்சி. அவன் விட்ட வரியை இவள் எடுக்கிறாள், இவள் விட்டதை அவன். விளக்குப் போடுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பிறகு அடக்கம். பெரியவர் மூன்று முறை செருமினார். அவள் திரும்பினாள்.

செம்வங்கா வெளியே போய்விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். "அந்தச் செருமலை இன்னும் மெதுவா வைக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

ஆனாலும், ஒத்திகை வேறு. முன் வரிசை வேறு.

செப்டம்பர் 22, திங்கள்

அக்கா போன் செய்தாள். இன்று விடிகாலைத் தாய்மார் சங்கக் கூட்டத்தில், நாடகம் எதைப் பற்றி என்று எல்லாரும் அவளைப் பிடித்துக்கொண்டார்களாம்.

"என்னக்கா சொன்னே?"

"என் வீட்டுக்காரரைப் பத்தின்னு சொன்னேன். ரொம்ப வேடிக்கையான மனுசன்னு சொன்னேன்."

"அவங்க?"

"எல்லாரும் தரையப் பாத்தாளுங்க. அப்புறம் அந்த நபுக்வாசி மெதுவாக் கேட்டா, 'வேடிக்கைன்னா, என்ன செய்வாரு?'ன்னு."

"சொன்னியா?"

"சொன்னேனாவா? சொல்லி முடிச்சு நான் சந்தைக்குப் போய்ச் சேரவே மணி பத்தாயிடுச்சுடி."