தெளிந்துவிட்டாள் என்றார்கள்

அத்தை,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். நன்றாக இருக்கட்டும் என்று எதையும் சேர்க்க மாட்டேன். அப்பாவின் மனது கஷ்டப்படுமே என்று எதையும் விடவும் மாட்டேன். கட்டுரைப் போட்டிக்கு எழுதும்போது முதல் பத்தியிலேயே ஒரு மேற்கோள் வைக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்வார்கள். இது அந்த மாதிரி எழுத்து இல்லை.

சாரல் தொடங்கிவிட்டது. சில நாட்களாகத் துணி காயவில்லை. இன்று காலை அம்மா கொடுத்த துண்டில் ஈரவாடை அடித்தது. காயாமல் மடித்து வைத்த துண்டின் வாடை. தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் ஒரு சாரல் சீசன் முழுக்க இந்த வாடையோடுதான் முதல் பாடவேளையில் இருந்தேன். பக்கத்தில் இருந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்காருவாள். விடியும்போதே உங்களோடு குற்றாலத்துக்குப் போய் அருவியில் நின்றுவிட்டு வருகிறேன் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. வெளியே சொல்லக் கூடாது என்பது வீட்டின் உத்தரவு.

நீங்கள் அப்போது தென்காசியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தீர்கள். வெளியூருக்கு டிரங்க் கால் கேட்கிறவர்களுக்கு ஊர் ஊராக இணைத்துக் கொடுக்கிற வேலை. தங்கச்சி சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறாள் என்று அப்பா பாத்திரக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். வேலை முடிந்து வந்ததும் நீங்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். அம்மா தட்டை வைத்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பீர்கள். என்ன அத்தை என்று ஒரு நாள் கேட்டேன்.

"அலுப்பா இருக்குட்டி."

தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றேன்.

"தூங்கி எந்திச்சாலும் அலுப்பாத்தான் இருக்கு" என்றீர்கள். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த கேசட்டைக் கொடுத்தது உங்களோடு வேலை பார்த்த அக்கா. அவளுடைய அண்ணன் கப்பலில் இருந்தார். அவர் கொண்டுவந்தவற்றில் இது ஒன்று மட்டும் அந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லையாம். பாட்டே இல்லை, வெறும் பேச்சாக இருக்கிறது, அழித்துவிட்டு சினிமாப் பாட்டுப் பிடித்துக்கொள் என்று உங்களிடம் கொடுத்துவிட்டாள். மேலே ஒட்டியிருந்த தாளில் பென்சிலால் ஹிப் ஹாப் என்று மட்டும் எழுதியிருந்தது. பாடியவர் பெயர் இல்லை. அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றுதான் போட்டீர்கள்.

முதலில் தாளத்தின் அடி மட்டும் வந்தது. பிறகு ஒருவன் இங்கிலீஷில் பேசத் தொடங்கினான். ராகம் இல்லை. மூச்சு விடுகிற மாதிரியே தெரியவில்லை, ஆனால் அடியை விட்டு விலகவும் இல்லை. நான் ஓடிப்போய் அகராதியை எடுத்து வந்தேன். ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் அவன் எங்கோ போய்விட்டான். தெரு, வாடகை, தூக்கம், அம்மா என்று துண்டு துண்டாகத்தான் அகப்பட்டது. கடையிலிருந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "என்ன எளவுட்டி இது, சந்தைக்குள்ள சண்டை போடுத மாதிரி" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து வெகுநாளாகிவிட்டது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கேசட்டை நீங்கள் அழிக்கவில்லை. தினமும் போட்டீர்கள். இதில் என்ன இருக்கிறது என்று நான் விடாமல் கேட்டதற்கு, டேப்பை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னீர்கள்.

"நாள் பூரா அடுத்தவங்க பேச்சை இங்கன இருந்து அங்கன இணைச்சு விடுதேன். சாவுச் சேதி, கல்யாணச் சேதி எல்லாம் என் காது வழியாத்தான் போவுது. நான் வாயைத் திறக்கக் கூடாது. இவன் பாரு, தன் சங்கதியைத் தானே சொல்லுதான்." இன்னொன்றும் சொன்னீர்கள். "மண்டைக்குள்ள தறிகெட்டு ஓடுததெல்லாம் இந்த அடிக்கு வந்து வரிசையா நிக்குதுட்டி."

பிறகு நீங்களாகவே சொல்ல ஆரம்பித்தீர்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, வாளியின் விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டு, தமிழில், எக்ஸ்சேஞ்சில் ஊர்ப் பெயர் சொல்லி இணைக்கிற அதே பேச்சை வைத்து.

கடையம் கடையம் பேசுங்க பேசுங்க
கேக்குதா கேக்குதா வச்சிடாதீங்க
ஊருக்கு ஊரு நான் சேத்து வைக்கேன்
எனக்கொரு ஊரு எங்கன கேப்பேன்

நான் கைதட்டினேன். ஒரு நாளுக்கு ஒரு நாள் வரிகள் கூடின. மேலதிகாரி இருமுகிறது, அம்மா வைத்த ரசம், பெண் பார்க்க வந்தவரின் மூக்குக்கண்ணாடி, எல்லாம் அதற்குள் வந்தன. சோறு இறங்கியது. தூங்கினீர்கள். இதையெல்லாம் நான் கூடவே இருந்து பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மை பார்த்தது வேறு. கல்யாணம் ஆகாத பெண் மாடியில் தனியாக நின்று, கையை ஆட்டி ஆட்டித் தனக்குத்தானே பேசுகிறாள். அவள் வந்து அம்மாவிடம் காதோடு சொன்னாள். அம்மா அப்பாவிடம் சொன்னாள். நான் அது பாட்டு என்று சொன்னேன். "பாட்டா? ராகம் எங்கட்டி இருக்கு?" என்று அப்பா கேட்டார். சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிற்கவைத்தால் தெளியும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. சீசன் முடிகிற வரைக்கும் தினமும் தலை நனைய வேண்டும் என்று முடிவானது. எக்ஸ்சேஞ்சுக்கு லீவு எழுதிப் போட்டார்கள்.

முதல் பஸ்ஸில் போவோம். அம்மா உங்கள் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள். அருவிக்கரையில் ஒரு நாள் கடையத்துக்காரர்கள் ஒரு பெண்ணை இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டி வந்தார்கள். என்ன செய்கிறது என்று அம்மா கேட்டாள். அந்தப் பெண்ணின் தாய், "வாயே திறக்க மாட்டேங்காம்மா, மாசக்கணக்கா ஆச்சு" என்றாள். எங்கள் வீட்டில் பேச்சு நிற்கவில்லை என்றாள் அம்மா. நீங்கள் குளிரில் பல் கிட்டியபடி என் காதில் சொன்னீர்கள்: "அவளுக்குப் பேச்சு வரணும், எனக்குப் பேச்சு நிக்கணும். ரெண்டுக்கும் ஒரே தண்ணி பாத்துக்கோ."

உங்களைப் பிடித்துக்கொள்ள என்னையும் அருவிக்குள் அனுப்புவார்கள். உண்மையில் நீங்கள்தான் என்னைப் பிடித்திருந்தீர்கள். தலையில் தண்ணீர் விழுகிற இரைச்சலில் நீங்கள் வாயை நன்றாகத் திறந்து, முழுக் குரலில் உங்கள் வரிகளைச் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. என் உள்ளங்கையில் உங்கள் விரல்கள் அடியைத் தட்டிக்கொண்டிருந்தன. அதை வைத்து எந்த வரி ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிடுவேன். வெளியே வரும்போது உங்கள் கண் சிவந்திருக்கும், முகம் தெளிவாக இருக்கும். அம்மா மேலே பார்த்துக் கும்பிடுவாள்.

சீசன் குறைந்தது. அருவி நூலாக இறங்கியது. அதற்குள் அப்பா டேப் ரிக்கார்டரை, உள்ளே இருந்த கேசட்டோடு, வடகரையில் ஒரு சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டார். நீங்கள் எதுவும் கேட்கவில்லை. மாடிக்குப் போவதை நிறுத்தினீர்கள். சொன்னதைச் செய்தீர்கள், கேட்டதற்குத் தலையாட்டினீர்கள். வாயிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட வரவில்லை.

தெளிந்துவிட்டாள் என்றார்கள். "இப்பந்தான் பொம்பளப்பிள்ளை மாதிரி இருக்கா" என்றாள் பெரியம்மை. பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். நீங்கள் கொஞ்சம் ஏறுவதும் படியில் உட்காருவதுமாக வந்தீர்கள். தண்ணீர் வேண்டுமா என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினீர்கள். கீழே வயலும் தென்னையும் அவ்வளவு பச்சையாக இருந்தன. நீங்கள் படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இறங்கி வரும்போது அப்பாவிடம் சொன்னேன், அத்தை பேசிக்கொண்டு திரிந்தபோதுதான் நன்றாக இருந்தார்கள், இப்போதுதான் சுகமில்லாமல் இருக்கிறார்கள் என்று.

"தலைகீழா சொல்லுதா பாரு" என்று அப்பா அம்மாவிடம் சிரித்தார். "புஸ்தகத்தைப் படிச்சுப் படிச்சு இவளுக்கும் கிறுக்கு பிடிச்சிட்டு."

அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். சூடு தணியட்டும் என்று அவள் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிந்தபோது நீங்கள் உயிரோடு இல்லை. ஊராரிடம் விஷக்காய்ச்சல் என்று சொன்னோம். காய்ச்சல் இல்லை, நீங்களாகவே போனீர்கள். உண்மையை எழுதுவேன் என்று சொன்னதால் இவ்வளவும் எழுதினேன். இதற்கு மேல் கை வரவில்லை.

அத்தை, நான் இப்போது பிளஸ் ஒன். தென்காசியில் ஹிப் ஹாப் ரசிகை நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். கேசட்டும் இல்லாத ரசிகை. நூலகத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்திருந்தது. கையில் ஒன்றும் இல்லாதவர்கள் தெருமுனையில் நின்று உண்டாக்கிய பாட்டு என்று போட்டிருந்தார்கள். அந்த அரைப் பக்கம் மனப்பாடம். அந்தப் பாட்டு உங்களைக் குணப்படுத்தியிருக்கும் என்று கொஞ்ச காலம் நம்பினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பாட்டு மருந்தில்லை. உங்களைப் பேசவைத்தது, அவ்வளவுதான். பேசியதை நின்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போதவில்லை.

இந்த வருஷம் தைப் பொங்கலுக்குப் பிறகு எனக்கும் அலுப்பு வந்துவிட்டது. தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வகுப்பில் முதலில் கையைத் தூக்குகிறவள் இப்போது தூக்குவதில்லை. கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணாததில் டீச்சருக்குச் சந்தோஷம்தான். இன்று சாயங்காலம் பெரியம்மை வந்திருந்தாள். உள்ளறையில் படுத்திருந்த எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. "எம்மவ இப்ப முந்தி மாதிரி இல்லக்கா. இருக்குத இடம் தெரியாது. அவ்வளவு அடக்கம்."

அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி. நீங்கள் தெளிந்துவிட்டீர்கள் என்று சொன்னபோது கேட்ட அதே நிம்மதி. படுக்கையை விட்டு எழுந்தேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போய் எதிரே உட்கார்ந்தேன். "நான் அடக்கமா இல்லப்பா. எனக்கு முடியல."

பரீட்சை பயமாக இருக்கும் என்றார்.

"இல்லப்பா. அத்தைக்கு வந்தது."

அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தாள், விளக்கு வைத்த நேரத்தில் என்ன பேச்சு என்று. அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். தட்டைத் தள்ளி வைத்தார்.

"சொல்லு தாயி" என்றார். "எனக்கு விளங்கலன்னாலும் சொல்லு. நிறுத்தாம சொல்லு. அவகிட்ட நான் கேக்கல."

சொன்னேன். அழகாகச் சொல்லவில்லை, அத்தை. அடியும் இல்லை, வரிசையும் இல்லை. திக்கித் திணறி, சொன்னதையே திரும்பச் சொல்லி, இடையில் அழுது சொன்னேன். அப்பா ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. அம்மா கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள். முடித்ததும் என் அலுப்பு போய்விடவில்லை. அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கு அப்பா கடை திறக்கவில்லை. பாளையங்கோட்டையில் இதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம், மூன்று பேரும் போகிறோம். அவர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் காது ஒன்றுதான். வகுப்பில் ஒருத்தி திடீரென்று சமர்த்தாகிவிட்டால், வீட்டில் யாராவது சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால், மற்றவர்கள் மெச்சுகிற நேரத்தில் எனக்குப் பயம் வருகிறது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என்ன என்று கேட்கிறேன். பாதிப் பேர் ஒன்றுமில்லை என்பார்கள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன்.

வெள்ளென எழுந்திருக்க வேண்டும், எழுதியது போதும் என்று அப்பா இரண்டாம் முறையாக வந்து சொல்கிறார். விளக்கை அணைக்க நிற்கிறார்.