சரித்திர வகுப்பு வேண்டுமா?

அன்புள்ள தபேரா,

இந்தக் கடிதத்தில் எழுத வேண்டியவை என்று காலையில் போட்ட பட்டியல்:
1. உடல்நலம்
2. ஊர்க்கூட்டம்
3. மாத முடிவில் ஊர் திரும்புவது

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இன்று ஊர்க்கூடத்தில், பள்ளியில் சரித்திரத்தையும் கவிதையையும் நிறுத்திவிட்டுக் கப்பல் வேலை மட்டும் கற்பிக்கலாம் என்றார்கள்.

"வாத்தியாரே, கவிதை எஞ்சினை ஓட்டுமா?" என்றார் மீனவர் பௌரோ. எல்லோரும் சிரித்தார்கள். வெளியூர் வாத்தியாரான நான் விருந்தாளிகளுக்கான இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மாணவி ஒருத்தியின் தாய் கவோதிதா கூடத்தில் தன் குடும்பத்துக்கென்று உள்ள இடத்திலிருந்தே பேசினாள்: "ஓட்டாதுதான் அண்ணே. ஆனா நீ படிக்காமலே கையெழுத்து போடப் போன குத்தகைத் தாளை எம்பொண்ணுதான படிச்சா? 'முன்னாடியும் இப்படித்தான் நம்ம நிலம் போச்சு'ன்னு சொன்னாளே, அதை யார் கத்துக்குடுத்தா?"

வகுப்பு தொடரட்டும் என்று முதலில் சொன்னவர் பௌரோதான்.

நீ பின்னிய பாய் ஒன்று அனுப்பு. இங்குள்ளவற்றில் தூக்கம் வரவில்லை. கடிதம் கொண்டுபோகும் கப்பல் கிளம்புகிறது. மூன்றாவதாக எழுதியது தவறு, தபேரா. வகுப்பு தொடர்கிறது; இந்த ஆண்டும் என்னால் வர முடியாது.

உன்
தெகினாதி