அந்த வீட்டில் போன் இருந்தது

தண்டர் பே, கனடா,
பிப்ரவரி 9

அன்பு மகள் மார்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை கேலமும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எங்களுக்கு வருகிற முதல் நினைப்பு. ஞாயிறுதோறும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் நீ நடுவே ஏதாவது கேட்டால் நான் நிறுத்திவிடுவேன், அப்புறம் தொடங்க மாட்டேன். என் சுபாவம் உனக்குத் தெரியும்.

இந்த வருஷம் பனி அதிகம், தபால் பெட்டியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று கடைவீதி வரை போய் வருகிறாள், ஆனால் கம்பு எடுத்துக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. நீராவிக் குளியலுக்கான சௌனா அறை அடுப்பின் புகைக்குழாயில் விரிசல் விட்டுவிட்டது, நானே மாற்றினேன், இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இதையெல்லாம் எழுதிக்கொண்டே போனால் பக்கம் தீர்ந்துவிடும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே கடிதத்தை ஒட்டிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

நான் நாவல் எழுதுகிறேன் என்று அம்மா உன்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். என்ன நாவல் என்று நான் உனக்குச் சொன்னதில்லை. தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை காலைகளில் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிற எழுத்தாளர் குழுவில் சேர்ந்தேன், ஏழெட்டுப் பேர் இருப்போம், எவருக்கும் இதுவரை புத்தகம் வந்ததில்லை. ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி, பிரதி எடுத்து, முந்தின வாரமே எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும். பெர்னிஸ் என்று ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்திதான் தலைவி மாதிரி. அவள் வைத்திருக்கிற சட்டம் ஒன்று உண்டு, யாருடைய அத்தியாயத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் கடைசி ஆள் பேசி முடிக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது. நான் எழுதுவது பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கிற பேய்க்கதை. முதல் நாள் அதைச் சொன்னதும் டயர் கடையில் வேலை செய்கிற ஜோலின் என்ற பெண், "பெரியவரே, நாங்கல்லாம் உங்க தலைமுறைக்குக் கதை எழுதறோம், நீங்க எங்க தலைமுறைக்கு எழுதறீங்களா, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அவள் எழுதுவது நரியாக மாறுகிற அக்கா தங்கை கதை, எங்கள் எல்லோரையும்விட அவளுக்குத்தான் எழுத்து நன்றாக வருகிறது.

ஏன் பேய்க்கதை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் தம்பி டிமோ வேறு எதையும் படித்ததில்லை. என் கதையில் ஏரியில் மூழ்கிய ஒரு பையன் இருக்கிறான், ஏரிக்கு அடியில் மூழ்கினவர்களுக்கென்று ஒரு ஊர் இருக்கிறது, குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டி இறுகியதும் அவன் அடியிலிருந்து தட்டுவான், அது அவனுடைய அக்காவுக்கு மட்டும் கேட்கும். அவள் பனிமேல் படுத்துக் காதை வைத்து அவனோடு பேசுவாள். அன்றைக்கு நீ கூப்பிட்டபோது நான் வந்திருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடு என்று அழுவாள், அவனும் மன்னித்துவிடுவான். மார்யா, இதை நான் கூசாமல் எழுதினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். கதையிலாவது அவன் உன்னை மன்னிக்கட்டும் என்று நினைத்தேன். எவ்வளவு கேவலமான காரியம் அது என்று ஒன்பது அத்தியாயம் வரை எனக்குத் தெரியவில்லை.

நவம்பரில் அந்த ஒன்பதாம் அத்தியாயத்தைக் கொடுத்தேன். எல்லோரும் அழுகை வந்தது என்றார்கள், பெர்னிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஜோலின்தான் கடைசி. அவள் என் தாள்களைப் புரட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பொண்ணு மூணு தடவை மன்னிப்புக் கேட்டாச்சு. அவ அப்பா புத்தகம் முழுக்க உக்காந்து வலை பின்னிக்கிட்டே இருக்காரு. அந்த வீட்டுல போன் இருக்கு, ரெண்டாவது அத்தியாயத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. பதினாறு வயசுப் பையன் மாட்டிக்கிட்டா முதல்ல வீட்டுக்குத்தானே கூப்பிடுவான்? அப்போ போனை எடுத்தது யாரு?"

என் கதையில் ஓட்டை இருக்கிறது என்றுதான் அவள் கேட்டாள், வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. இப்போது நான் பேசலாம் என்று பெர்னிஸ் சொன்னாள். நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

போனை எடுத்தது நான், மார்யா. அன்றைக்கு மத்தியானம் மூன்றே முக்காலுக்கு டிமோ முதலில் வீட்டுக்குத்தான் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை ஒளித்து வைத்திருந்தான் என்று காலையில் எனக்கும் அவனுக்கும் சண்டை, அது உனக்குத் தெரியும். ஏரிக் குடாவுக்கு அந்தப் பக்கம் சிநேகிதன் வீட்டில் இருப்பதாகச் சொன்னான், "அப்பா, வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "உனக்குக் கால் இருக்குல்ல, நடந்து வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வண்டி வாசலில்தான் நின்றது. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அவன் மருந்துக்கடையில் வேலையாக இருந்த உன்னைக் கூப்பிட்டிருக்கிறான். நீ கடையை விட்டு வர முடியாது, இரண்டு மணி நேரம் அங்கேயே இரு என்று சொன்னாய். சரியாகத்தான் சொன்னாய். நீ இருக்கச் சொன்னாய், நான் நடக்கச் சொன்னேன். அவன் சாலையைச் சுற்றி வராமல் ஏரியின் இறுகாத பனிமேல் குறுக்கே நடந்தான்.

அம்மா அன்றைக்கு மாதா கோவிலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கும் தெரியாது. அடக்கத்தின்போது நீ, என்னைத்தான் கூப்பிட்டான், நான் போகவில்லை என்று எல்லோர் முன்னாலும் அழுதாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பார்த்தவர்கள் நல்ல தகப்பன் என்று நினைத்திருப்பார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ மறு வருஷமே உலகத்தின் அந்தக் கோடிக்குப் போயிருக்க மாட்டாய். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படியே பதினோரு வருஷம் போய்விட்டது.

ஏழெட்டு வாரம் நான் குழுவுக்குப் போகவில்லை. பிறகு அந்தப் போன் பேச்சை ஒரு அத்தியாயமாக எழுதினேன், நான்கு பக்கம்தான் வந்தது, பேய் கிடையாது, ஏரி கிடையாது, ஒரு சமையலறையும் ஒரு மனுஷனும் மட்டும். ஜனவரி கடைசியில் கொண்டுபோய் நானே சத்தம்போட்டு வாசித்தேன். முடித்ததும் ஜோலின் மட்டும் கேட்டாள், "உங்க மக இதைப் படிச்சாச்சா?" இல்லை என்றேன். "அப்போ எங்களுக்கு ஏன் முதல்ல வாசிச்சுக் காட்டுனீங்க?" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை, வருத்தமாகத்தான் கேட்டாள். அதற்கு மேல் அந்தப் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் மறுத்துவிட்டாள். பெர்னிஸ் எல்லோரிடமிருந்தும் பிரதிகளைத் திரும்ப வாங்கி என் கையில் கொடுத்தாள்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. சமைத்து வைத்தாள், எனக்கும் தட்டு வைத்தாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து எதிரே உட்கார்ந்து, 'பையனாகப் பிறந்தால் தம்பி பேரை வைக்க ஆசை, ஆனால் எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது' என்று நீ அவளிடம் போன மாதம் சொன்னதைச் சொன்னாள். "அந்தப் பொண்ணு இன்னும் இப்படிப் பேசிக்கிட்டிருக்கா, ரெய்யோ. நீ எழுது. அழகா எழுதாதே, நடந்ததை எழுது" என்றாள். இப்போதும் அவள் என்னிடம் பழையபடி இல்லை. அதைப் பற்றி நீ கவலைப்படாதே, அது நான் பட வேண்டியது.

நாவலை நிறுத்திவிட்டேன். என்றாவது எழுதினால் அந்த அக்காவை எடுத்துவிட்டுத்தான் எழுதுவேன். அந்த நான்கு பக்கத்தை இதோடு வைக்கவில்லை, இந்தக் கடிதம் போதும். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடாவிட்டால் ஏன் என்று நான் கேட்க மாட்டேன். பேர் வைப்பது உன் இஷ்டமும் கேலமின் இஷ்டமும், யோக்கியதை இல்லை என்று மட்டும் இனி சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், கனமான எதையும் தூக்காதே, அங்கே இப்போது வெயில் காலம், நிறையத் தண்ணீர் குடி. நீயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து வர ஆண்டவர் துணை இருப்பார், அம்மா தினமும் ஜெபிக்கிறாள், நானும்தான். ஒன்று மட்டும் மறக்காதே. வருஷாவருஷம் டிமோ போன டிசம்பர் மூன்றாம் தேதி அம்மாவுக்கு 'மன்னிச்சிடும்மா' என்று ஒரு வரி அனுப்புவாயே, இந்த வருஷம் அதை அனுப்பாதே. அந்த வரியை இனி நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெய்யோ கன்டோலா